பிணக்கூடத்துப் பேராசிரியர் கியாரி

மருத்துவ வரலாற்றில் நாம் கொண்டாடும் பெயர்கள் பெரும்பாலும் நோயைத் தீர்த்தவர்களின் பெயர்கள். ஜென்னர், பாஸ்டர், ஃபிளெமிங் என்றால் பள்ளிப் பிள்ளையும் அறிவான். நான் எழுத எடுத்துக்கொண்ட ஹான்ஸ் கியாரி, மருந்து கொடுத்துப் புகழ் பெற்றவர் அல்லர். அவர் தம் மேசையில் கண்டவர்கள் முன்பே இறந்தவர்கள். ஆயினும் உலகெங்கும் உள்ள பெரிய மருத்துவமனைகளில் தலையைப் படம் பிடித்து எழுதும் அறிக்கைகளில் அவர் பெயர் இன்றும் இடம்பெறுகிறது. விலங்கியல் மாணவனான எனக்கு எலும்புகளோடுதான் பழக்கம். அந்தப் பழக்கமே என்னை இவரிடம் கொண்டு சேர்த்தது.

1851-ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்தார் கியாரி. தந்தை யோகான் பாப்டிஸ்ட் கியாரி மகளிர் மருத்துவத்தில் பெயர் பெற்றவர். மகனுக்கு மூன்று வயதாகும்போதே, 1854-இல், அவர் காலமானார். தம்பி ஒட்டோக்கர் பின்னாளில் தொண்டை மருத்துவ வல்லுநர் ஆனார். மருத்துவம் அக்குடும்பத்தில் குலத்தொழில் போலவே இருந்தது.

அந்நாளில் வியன்னாவின் பிணக்கூடம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு நிகரானது. அதை ஆண்டவர் ரோக்கிட்டான்ஸ்கி. அவர் காலத்தில் அங்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் அறுத்து ஆராயப்பட்டன. நோயாளி உயிரோடு இருந்தபோது மருத்துவர் ஊகித்தது சரியா தவறா என்பதை, இறந்த பின் அவன் உடலே சொல்லிவிடும். அந்தப் பெரியவர் 1875-இல் ஓய்வு பெற்றார். அதற்கு முந்தைய கடைசி நாட்களில் அவரிடம் துணையாளராகப் பணி செய்தவர் நம் இளைஞர் கியாரி. பிறகு ஹெஷ்ல் என்பவரிடமும் பயின்றார்.

அங்கிருந்து அவர் பிராக் நகருக்குச் சென்றார். அது சுவையான காலம். 1882-இல்தான் அந்நகரின் பழம்பெரும் பல்கலைக்கழகம் மொழியால் இரண்டாகப் பிரிந்தது. ஜெர்மன் வழியில் ஒன்று, செக் வழியில் ஒன்று. வேற்றுமொழி மாநிலத்தில் படிக்கும் நமக்கு இச்செய்தியைப் படிக்கும்போது என்னென்னவோ தோன்றும். அதை வேறொரு சமயம் பேசலாம். கியாரி ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நோய்க்கூற்றியல் பேராசிரியராகி, 1906 வரை அங்கேயே பணியாற்றினார்.

அவர் கண்டதைப் புரிந்துகொள்ள, நம் பிடரியில் சற்றே கை வைத்துப் பார்ப்போம். மண்டையோட்டின் அடியில் ஒரு பெருந்துளை உண்டு. மூளையின் அடித்தண்டு அதன் வழியே இறங்கித் தண்டுவடமாகிறது. துளைக்குக் கீழே முதல் கழுத்தெலும்பு. அது ஒரு வளையம். வானத்தைச் சுமந்த கிரேக்க அரக்கன் அட்லஸின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். இரண்டாவது எலும்பில் பல் போன்ற முளை ஒன்று எழுந்து அவ்வளையத்துக்குள் நிற்கிறது. ஆம் என்று தலையசைப்பது மண்டைக்கும் முதல் எலும்புக்கும் இடையே. இல்லை என்று திருப்புவது முதலுக்கும் இரண்டாவதற்கும் இடையே. (நாம் ஆம் என்பதற்கு ஆட்டும் ஆட்டத்தைக் கண்டு வடநாட்டு நண்பர்கள் குழம்புவதும் இந்த மூட்டுகளின் புண்ணியம்தான்.)

இவ்வளவு நெருக்கமான இடத்தில் கருவிலேயே பிழை நேர்வது உண்டு. சிலருக்கு முதல் எலும்பு மண்டையோடு ஒட்டிப் போகிறது. சிலருக்குப் பல்முளை மேலேறித் துளைக்குள் புகுந்து அடித்தண்டை அழுத்துகிறது. சிலருக்கு மண்டையின் பின் குழி சிறிதாக அமைந்துவிடுகிறது. அப்போது அங்கே இருக்கவேண்டிய சிறுமூளைக்கு இடம் போதாமல், அதன் அடிநுனிகள் துளை வழியே கழுத்துக்குள் இறங்கிவிடுகின்றன.

இந்த இறக்கத்தைத்தான் கியாரி 1891-இல் எழுதினார். அவர் விவரித்தவர்களுள் ஒருத்தி பதினேழு வயதுப் பெண். அவள் இறந்தது டைபாய்டு காய்ச்சலால். சிறுமூளையால் வந்த தொல்லை என்று ஒன்றும் அவளிடம் காணப்பட்டிருக்கவில்லை. இறப்பின் காரணம் தெரிந்துவிட்டது. உடலைத் தைத்து அனுப்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கியாரியோ மண்டையின் அடிவாரம் வரை பார்த்தார். சிறுமூளையின் நுனிகள் கூம்பு போல் நீண்டு தண்டுவடத்தை ஒட்டிக் கீழே கிடப்பதைக் கண்டார். கேட்ட கேள்விக்கு விடை கிடைத்த பிறகும், கேளாத கேள்விக்காக மேலும் பார்த்த அந்தப் பொறுமையே அவரிடம் என்னைக் கவர்ந்தது.

அவர் அவற்றை வகை பிரித்தார். நுனிகள் மட்டும் இறங்குவது முதல் வகை. முதுகெலும்பு மூடாமல் பிறக்கும் குழந்தைகளிடம், சிறுமூளையோடு அடித்தண்டும் சேர்ந்து இறங்குவது இரண்டாவது. சிறுமூளை கழுத்தின் பின்புறப் பிளவு வழியே பைபோல் வெளித்தள்ளுவது மூன்றாவது. அதை அவர் ஒரே ஒருவரிடம்தான் கண்டார். 1896-இல் விரிவாக எழுதியபோது சிறுமூளை வளர்ச்சி குன்றிய நான்காம் வகையையும் சேர்த்தார்.

இது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. என் அத்தை மகள் ஒருத்திக்கு இருமினாலும் தும்மினாலும் பிடரியில் வலி வெட்டும். முதலில் பார்த்த மருத்துவர் கண்ணாடி போடச் சொன்னார், போட்டுக்கொண்டாள். மூன்று ஆண்டு கழிந்தது. ஒரு நாள் அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்தாள். விரல்கள் கொப்பளித்தன, அவளுக்குச் சூடு தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். அறிக்கையில் முதல் வரியிலேயே கியாரியின் பெயர் இருந்தது.

சூடு தெரியாமல் போனது ஏன்? மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஏறக்குறைய 150 மில்லி லிட்டர் தெளிந்த நீர் உலவுகிறது. நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி லிட்டர் புதிதாகச் சுரக்கிறது. துளையில் சிறுமூளை அடைத்துக்கொண்டால் இந்நீரின் போக்குவரத்து தடைப்படும். இருமும்போது அழுத்தம் ஏறி வலி எடுக்கும். நாளடைவில் தண்டுவடத்தின் நடுவே நீர் நிறைந்த குழல் போன்ற பொந்து உண்டாகலாம். வலியையும் வெப்பத்தையும் சொல்லும் நரம்பிழைகள் நடுவில்தான் குறுக்கே கடக்கின்றன. அவை முதலில் அறுபடும். தொடுவுணர்ச்சி மட்டும் எஞ்சி நிற்கும். பிடரி எலும்பில் ஒரு பகுதியையும் முதல் கழுத்தெலும்பின் பின்வளைவையும் எடுத்து இடம் உண்டாக்குவதே இதற்கு அறுவை மருத்துவம். அவளுக்கும் அதைச் செய்தார்கள். வலி போயிற்று. விரல்களுக்கு உணர்வு முழுதும் திரும்பவில்லை.

கியாரி சொன்ன காரணம் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பெருமூளைக்குள் நீர் கோத்து, அது சிறுமூளையைக் கீழே தள்ளுகிறது என்று அவர் கருதினார். முதல் வகையினரில் பலருக்கு அவ்வாறு நீர்க்கோவையே இல்லை. பின் குழியின் எலும்பு போதிய அளவு வளராமையே அவர்களிடம் பெரும்பாலும் மூலக்காரணம் என்று இன்று கொள்கிறார்கள். இரண்டாம் வகையிலோ, திறந்த முதுகின் வழியே நீர் கசிந்துவிடுவதால் கருவில் குழி விரிவதில்லை என்பது 1989-இல் வெளிவந்த விளக்கம். எனினும் கண்ணால் கண்டதை அவர் அவ்வளவு செவ்வையாக எழுதியிருந்தமையால், காரணம் மாறியபோதும் வகைப்பாடு பிழைத்துக்கொண்டது.

ஈரல் நாளங்கள் அடைபடும் நோயிலும் அவர் பெயர் உண்டு. 1845-இல் எழுதிய ஆங்கிலேயர் பட் என்பவரின் பெயரோடு இணைந்து வழங்குகிறது. கழுத்துத் தமனியில் உறையும் இரத்தம் மூளையைத் தாக்குவதைப் பற்றி 1905-இல் எழுதினார். இவற்றை விரிக்க இடமில்லை.

1906-இல் அவர் ஸ்ட்ராஸ்பர்க் சென்றார். அந்நகரம் அப்போது ஜெர்மானியப் பேரரசில் இருந்தது. மறு ஆண்டே பெயர் வழக்கு ஒன்று முளைத்தது. ஹைடல்பர்க்கில் அர்னால்டு என்ற பேராசிரியர் 1894-இல் இத்தகைய ஒரு குழந்தையைப் பற்றி எழுதியிருந்தார். கியாரிக்கு மூன்றாண்டு பிந்தி. அவருடைய மாணாக்கர் ஷ்வால்பேயும் கிரெடிக்கும் 1907-இல் தம் ஆசான் பெயரை முன்னே வைத்து அர்னால்டு–கியாரி என்று வழங்கினர். குருபக்தி நல்லதுதான், ஆனால் வரலாற்றுக்கு அது பொருந்தவில்லை. இன்னொன்று: இருவருக்கும் முன்னரே, 1883-இல், கிளாஸ்கோ பேராசிரியர் கிளீலண்டு இத்தகைய குறையை விவரித்திருந்தார். அவர் எழுத்தைத் தேடிப் பிடித்து மதிப்போடு சுட்டியவர் கியாரியே. மாணாக்கர் யாரும் முன்வராததாலோ என்னவோ, கிளீலண்டின் பெயர் மறைந்தே போயிற்று.

1916-ஆம் ஆண்டு மே மாதம், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, ஸ்ட்ராஸ்பர்க்கில் கியாரி மறைந்தார். இரண்டாண்டில் அந்நகரம் பிரான்சின் கைக்கு மாறிற்று. இன்றைய மருத்துவர் பலர் அர்னால்டின் பெயரை விட்டுவிட்டுக் கியாரி என்றே எழுதுகின்றனர். இரண்டாம் வகைக்கு மட்டும் இரட்டைப் பெயர் இன்னும் சில நூல்களில் நிற்கிறது.