லிஸ்டர் பிரபு

தாமிரபரணியின் படித்துறையில் இறங்கும் நம்மிற் பலர் கல்லின்மேற் படர்ந்த வழுவழுப்பில் ஒருமுறையேனும் கால் வழுக்கியிருப்போம். பாசியும் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களும் சேர்ந்து கல்லைப் பற்றிக்கொண்ட படலம் அது. ஆண்டு முழுதும் நீர் மேலே ஓடியும் அது அகல்வதில்லை. சுரண்டித் தேய்த்தால் மாத்திரமே அகலும். நாட்பட்ட புண்களைக் குறித்து இக்கால வைத்தியர் கூறும் ஓர் உண்மைக்கு இதுவே தக்க உவமை. புண்ணுக்குக் கிருமிநாசினி மருந்திட்டுக் கட்டும் முறையை நிலைநாட்டிய லிஸ்டர் பிரபுவின் சரித்திரத்தை அறிந்தால் அவ்வுண்மை தெளிவாகுமாதலின், அதனை ஈண்டுச் சுருக்கி உரைக்கலுற்றோம்.

ஜோசப் லிஸ்டர் 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் நாட்டு அப்டன் என்னும் ஊரில் குவேக்கர் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் வர்த்தகர், எனினும் ஓய்வு நேரத்தில் உழைத்து மைக்ராஸ்கோப்பைச் சீர்திருத்திப் புகழ்பெற்றவர். சிறியவற்றை உற்று நோக்கும் பழக்கத்தை மைந்தர் அவரிடமே கற்றார். லண்டனில் வைத்தியக் கல்வி முடித்து, 1853-இல் எடின்பரோ சென்று ஜேம்ஸ் ஸைம் என்னும் பெரியாரிடம் பயின்றார். 1856-இல் அவர் குமாரத்தி ஆக்னெஸை மணந்தார். அவ்வம்மையார் கணவரின் ஆராய்ச்சிகளுக்கு இறுதிவரை உற்ற துணையாயிருந்தார்.

1860-இல் லிஸ்டர் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் இரண வைத்தியப் பேராசிரியரானார். அந்நாளில் ஆஸ்பத்திரியிற் புகுவோர் சத்திரத்துக்குப் பிழைத்தும் சீழுக்கு இரையாயினர். 1864, 1866 ஆகிய இரு ஆண்டுகளில் அவர் விடுதிகளில் கை கால் நீக்கப்பெற்ற 35 பேரில் 16 பேர் மாண்டனர். கெட்ட காற்றே காரணம் என்று பலரும் நம்பினர். பொருள்கள் அழுகுவது நுண்ணுயிர்களால் என்னும் பாஸ்டரின் ஆராய்ச்சியை ரசாயன ஆசிரியர் தாமஸ் ஆண்டர்சன் வாயிலாக லிஸ்டர் அறிந்தார். புண் அழுகுவதும் அவ்வாறே என உணர்ந்தார். கார்லைல் நகரத்தார் சாக்கடையின் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் இட்டனரென்று கேள்வியுற்று, அதனையே மருந்தாகத் தேர்ந்தார்.

1865-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் தேதி, வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்து தோலும் கிழிந்த 11 வயதுச் சிறுவன் ஜேம்ஸ் கிரீன்லீஸ் கொணரப்பட்டான். கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியைப் புண்மேலிட்டுக் கட்டினார். நான்காம் நாள் கட்டவிழ்த்தபோது சீழில்லை. சுமார் ஆறு வாரத்தில் எலும்பு கூடிற்று. பின்னர் 1867 முதல் 1869 வரை உறுப்பு நீக்கப்பெற்ற 40 பேரில் இறந்தோர் அறுவரே.

இம்முறையை அவர் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டது 1867-இல். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், துருவிட் என்பவரின் நூலைத் தமிழாக்கி இரண வைத்தியம் என்னும் பெயரால் வெளியிட்டார். சீமையிற் புதுமுறை பிறந்த ஆண்டில் தமிழில் இரண வைத்திய நூலொன்று தோன்றியது நாம் மகிழத்தக்கதன்றோ?

கார்பாலிக் அமிலம் கிருமியைக் கொல்வதோடு நற்சதையையும் எரிக்கும். அதனை உணர்ந்த லிஸ்டர் புண்ணுக்கும் மருந்துக்கும் இடையில் எண்ணெயிட்ட பட்டை வைத்தார். வேறு சாந்தமான மருந்துகளையும் நாடினார். 1871 முதல் காற்றிலும் கார்பாலிக் திவலை தெளித்தார். அது வேண்டாதது என்று கண்டபின், 1890-இல் பெர்லின் மகாசபையில் அதனைக் கைவிட்டதைப் பகிரங்கமாய் ஒப்புக்கொண்டார். அவர் வெற்றிகளுட் சிறந்தவை புதுக்காயங்களிலேயே கிடைத்தன. நாட்பட்டு அழுகிய புண்களில் அக்கட்டு அவ்வளவு எளிதிற் பலிக்கவில்லை. 1897-இல் பிரபுப் பட்டம் பெற்றார். 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி தேகவியோகமாகி, மனைவியின் அருகே ஹாம்ஸ்டெட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணப்பட்டார்.

நாட்பட்ட புண் இணங்காததற்கு ஒரு காரணம் இன்று விளங்கியுள்ளது. புண்ணில் நிலைபெற்ற கிருமிகள் பசைபோன்றதொரு பொருளைச் சுரந்து, அதனுள் ஒன்றுகூடி வாழ்கின்றன. இதற்கு பயோபிலிம் என்று பெயர். 2017-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று நாட்பட்ட புண்களில் நூற்றுக்குச் சுமார் 78-இல் இப்படலம் உண்டென மதிப்பிட்டது. வெள்ளி, அயோடின், தேன் முதலியன சேர்ந்த கட்டுகள் பரிசோதனைக் குப்பியில் இதனைக் குறைப்பினும், நோயாளியின் புண்ணில் அத்துணைப் பயன் எப்போதும் தருவதில்லை. ஆதலின் வைத்தியர் முதலில் அழுகிய சதையையும் படலத்தையும் சுரண்டி அகற்றுகின்றனர். அது மீண்டும் பரவுமுன் மருந்துக் கட்டு இடுகின்றனர். வேண்டியபோது இரண்டையும் திரும்பச் செய்கின்றனர். நீரிழிவால் வந்த காற்புண்ணாயின் சர்க்கரையை அடக்குதலும், புண்மேல் பாரம் விழாது காத்தலும், இரத்த ஓட்டத்தைச் சோதித்தலும் அவசியம்.

நம் ஊர்களில் காற்புண்ணுக்கு மருந்துத்துணி கட்டிவிட்டுக் கவலையற்றிருந்து, பின் காலையே இழப்போர் உண்டு. கட்டின் அழகை நம்பி அதன் அடியிலுள்ளதைப் பாராமல் விடுவதே அவ்விழப்புக்கு வழி. நான்காம் நாள் கட்டவிழ்த்து உள்ளதை உள்ளபடி நோக்கியவர் லிஸ்டர். தம் பிழையையும் அங்ஙனமே நோக்கினார். மாணவ நண்பர்காள்! நம் வீட்டுப் பெரியோரின் பாதங்களை அடிக்கடி பார்ப்போம்; ஆறாத புண்ணைக் கண்டால் தாமதியாது வைத்தியரிடம் அழைத்துச் செல்வோமாக.