கண்டங்கள் நகர்ந்ததைக் கண்டவர்: ஆல்ஃபிரட் வெகனர்

பீடோர் பட்டணத்தில் நின்று கிழக்கே பார்த்தால் தித்திவங்சா மலைத்தொடர் நீண்டு கிடப்பது தெரியும். அந்த மலையின் பெரும்பகுதி கிரானைட் எனப்படும் கருங்கல். ஒரு காலத்தில் உலகமே தேடி வந்த பேராக்கின் ஈயமும் இந்தக் கருங்கல்லோடு சேர்ந்து பிறந்ததுதான். இந்த மலை எப்படி வந்தது? இரண்டு நிலப்பகுதிகள் நகர்ந்து வந்து ஒன்றோடொன்று மோதியதால் வந்தது என்கிறது இன்றைய அறிவியல்.

நிலம் நகரும் என்பதை இன்று இடைநிலைப்பள்ளி மாணவர்களும் படிக்கிறார்கள். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் இதைச் சான்றுகளோடு எடுத்துச் சொன்னவரைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை. அவர் நிலவியல் படித்தவரும் அல்லர். ஆல்ஃபிரட் வெகனர் என்ற ஜெர்மானிய வானிலை ஆய்வாளர் அவர்.

வானத்தைப் பார்த்தவர்

வெகனர் 1880ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி பெர்லினில் பிறந்தார். தந்தை சமயப் போதகர். ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றையும் நடத்தி வந்தார். ஐந்து பிள்ளைகளில் வெகனர்தான் கடைக்குட்டி.

பெர்லின் பல்கலைக்கழகத்தில் வானியல் படித்து 1905இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால் அவர் மனம் காற்று, மேகம், பனி ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. 1906இல் அண்ணன் குர்ட்டுடன் பலூனில் ஏறி 52 மணி நேரத்துக்கும் மேலாக வானில் இருந்து உலகச் சாதனை படைத்தார். அதே ஆண்டு டென்மார்க் நாட்டுக் குழுவோடு கிரீன்லாந்துக்குப் புறப்பட்டு, இரண்டு குளிர்காலங்களை அங்கே கழித்தார். அந்தப் பயணத்தில் குழுத் தலைவரும் மேலும் இருவரும் உயிரிழந்தனர். பனி எவ்வளவு ஆபத்தானது என்பதை இளம் வயதிலேயே அவர் பார்த்துவிட்டார்.

நிலப்படத்தில் எழுந்த கேள்வி

1910இன் இறுதியில், மார்பர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தபோது, புதிய நிலப்பட நூல் ஒன்றைப் புரட்டினார். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும், கிழித்த தாளின் இரு துண்டுகள்போலப் பொருந்துவதைக் கவனித்தார். இதை அவருக்கு முன்பே சிலர் கவனித்திருந்தார்கள். ஆனால் வெகனர் கவனித்ததோடு நிற்கவில்லை, சான்றுகளைத் தேடினார்.

மெசோசாரஸ் என்ற சிறிய ஊர்வனவின் புதைபடிவங்கள் பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைத்திருந்தன. அட்லாண்டிக் பெருங்கடலை நீந்திக் கடக்கக்கூடிய விலங்கு அல்ல அது. குளோசாப்டெரிஸ் என்ற பழங்காலத் தாவரத்தின் இலைப்படிவங்கள் இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா ஆகிய ஐந்து இடங்களிலும் இருந்தன. வெயில் கொளுத்தும் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பனிப்பாளம் உராய்ந்து சென்ற தழும்புகள் பாறைகளில் பதிந்திருந்தன. இந்த நிலங்கள் ஒரு காலத்தில் தென்துருவத்தை அடுத்து ஒன்றாகச் சேர்ந்திருந்தன என்று கொண்டால், எல்லாப் புதிர்களும் ஒரே நேரத்தில் அவிழ்ந்தன.

லெமூரியாவுக்கு என்ன ஆனது?

தமிழ் மாணவர்கள் கேள்விப்பட்டிருக்கும் லெமூரியாவும் இந்தக் கதையில் வருகிறது. லெமூர் என்ற விலங்கினமும் அதன் உறவினங்களும் மடகாஸ்கரிலும் இந்தியப் பகுதியிலும் எப்படி வந்தன என்று விளக்க, 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் சொன்ன ஊகம்தான் லெமூரியா. இரு நிலங்களுக்கும் இடையே இருந்த ஒரு கண்டம் கடலில் மூழ்கிவிட்டது என்பது அதன் சாரம். அந்தக் காலத்தில் அறிஞர்கள் இப்படிப் பல மூழ்கிய நிலப்பாலங்களைக் கற்பனை செய்திருந்தார்கள்.

வெகனர் இதை மறுத்தார். கண்டங்களின் பாறை கடலடிப் பாறையைவிட எடை குறைந்தது. கட்டை தண்ணீரில் மிதப்பதுபோல அது மிதக்கிறது. ஒரு கண்டம் முழுவதும் மூழ்குவது நடக்காது. நிலம் மூழ்கவில்லை, விலகிப் போயிருக்கிறது என்றார் அவர். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்தவை என்பது இன்று உறுதியாகியுள்ளது. பழந்தமிழ் நூல்கள் குறிப்பிடும் கடல்கோள், கடலோர நிலம் கடலுக்குப் போனதைப் பற்றியது. அதையும் ஸ்கிளேட்டரின் ஊகத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கேலியும் நியாயமான கேள்வியும்

1912 ஜனவரி 6ஆம் தேதி, ஃபிராங்ஃபர்ட் நகரில் நிலவியலாளர்கள் முன் வெகனர் தம் கருத்தை முதன்முறையாக வைத்தார். அதன்பின் மீண்டும் கிரீன்லாந்து சென்று, பனிப்பரப்பைக் குறுக்கே கடந்து திரும்பினார். 1913இல் புகழ்பெற்ற காலநிலை அறிஞர் கோப்பனின் மகள் எல்சாவை மணந்தார். அடுத்த ஆண்டு முதல் உலகப்போர் வந்தது. படையில் இருந்த அவர் இரு முறை காயமடைந்தார். ஓய்வில் இருந்த காலத்தை வீணாக்காமல், கண்டங்களும் பெருங்கடல்களும் தோன்றிய விதம் பற்றித் தம் நூலை எழுதி 1915இல் வெளியிட்டார். 1929க்குள் அந்நூல் நான்கு பதிப்புகள் கண்டது. ஒவ்வொரு பதிப்பிலும் புதிய சான்றுகளைச் சேர்த்தார்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. வானிலை பார்ப்பவருக்கு நிலவியலில் என்ன வேலை என்று சிலர் ஒதுக்கினார்கள். ஆனால் எல்லா எதிர்ப்பையும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. இவ்வளவு பெரிய கண்டங்களை எந்த விசை தள்ளுகிறது என்பது நியாயமான கேள்வி. பூமியின் சுழற்சியும், நிலா, சூரியன் ஆகியவற்றின் ஈர்ப்பும் காரணமாக இருக்கலாம் என்றார் வெகனர். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஹெரால்டு ஜெஃப்ரிஸ், அந்த விசைகள் இதற்குச் சிறிதும் போதாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். நகர்ந்தது என்பதற்குச் சான்று இருந்தது. எப்படி நகர்ந்தது என்பதற்கு விடை இல்லை.

பனியில் முடிந்த பயணம்

1930இல் பெரிய ஆய்வுக் குழு ஒன்றுக்குத் தலைமை ஏற்று வெகனர் கிரீன்லாந்து சென்றார். கரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உள்ளே, பனியின் நடுவில் ஓர் ஆய்வு நிலையம் அமைக்கப்பட்டது. அங்கே குளிர்காலத்தைக் கழிக்கவிருந்த இருவருக்குப் பொருள் போதவில்லை. செப்டம்பரில் நாய்ச் சறுக்குவண்டிகளோடு வெகனரே புறப்பட்டார். உடன் ஃபிரிட்ஸ் லோவே என்ற ஆய்வாளரும் 13 கிரீன்லாந்துத் தொழிலாளர்களும் சென்றார்கள். கடும் குளிரில் 12 பேர் வழியிலேயே திரும்பிவிட்டனர். ராஸ்முஸ் வில்லும்சன் என்ற இளைஞர் மட்டும் கடைசிவரை உடன் வந்தார். குளிர் −50 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கியது. நாற்பது நாள் கழித்து, அக்டோபர் 30ஆம் தேதி நிலையத்தை அடைந்தபோது லோவேயின் கால்விரல்கள் உறைந்துபோயிருந்தன.

ஐந்து பேருக்கு அங்கே உணவு போதாது. அதனால் நவம்பர் 1ஆம் தேதி, தமது ஐம்பதாவது பிறந்த நாளில், வெகனர் வில்லும்சனோடு கரை நோக்கித் திரும்பினார். இருவரும் போய்ச் சேரவில்லை. 1931 மே மாதம் வெகனரின் உடல் பனிக்குள் கண்டெடுக்கப்பட்டது. தோலுறையில் பொதிந்து, மரியாதையோடு புதைத்து, அடையாளத்துக்குச் சறுக்குக் கட்டைகளை நட்டுவைத்திருந்தார் வில்லும்சன். வெகனரின் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு தனியே நடந்த அந்த இளைஞர் இன்றுவரை கிடைக்கவில்லை. அறிவியல் வரலாறு பெரும்பாலும் வெகனர் பெயரோடு நின்றுவிடுகிறது. சுமை இழுத்து வழிகாட்டிய வில்லும்சனின் பெயரையும் நாம் தெரிந்துகொள்வோம். தோட்டத்து உழைப்பாளிகளின் வழிவந்த நமக்கு, பதிவேட்டில் இடம்பெறாத பெயர்களின் அருமை தெரியும்.

விடை கிடைத்தது

வெகனர் காலத்திலேயே ஆர்தர் ஹோம்ஸ் என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் ஒரு வழியைக் காட்டியிருந்தார். பூமியின் உட்புறம் சூடாக இருப்பதால், அங்குள்ள பாறை மிக மெதுவாக மேலெழுந்து கீழிறங்கிச் சுழல்கிறது என்றார் அவர். 1950களில் மேரி தார்ப் என்ற அமெரிக்கப் பெண் அட்லாண்டிக் கடலடியைப் படமாக வரைந்தபோது, நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் நீண்ட பிளவு இருப்பதைக் கண்டார். அங்கே புதிய கடலடி உருவாகி இருபுறமும் விலகுகிறது என்று 1962இல் ஹாரி ஹெஸ் விளக்கினார். 1960களின் இறுதியில் புவித்தட்டுக் கொள்கை நிலைபெற்றது.

அதன் அடிப்படை எளிது. பூமியின் கெட்டியான மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்துள்ளது. தட்டுகள் விலகும் இடத்தில் புதிய தரை பிறக்கிறது. மோதும் இடத்தில் மலை எழுகிறது, அல்லது ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புகுகிறது. உரசிக்கொண்டு போகும் இடத்தில் நிலம் அதிர்கிறது. வெகனர் நினைத்ததுபோல் கண்டங்கள் மட்டும் கடலடியை உழுதுகொண்டு போகவில்லை. கடலடியும் சேர்ந்தே நகர்கிறது.

நம் காலடியில்

தீபகற்ப மலேசியாவும் இரண்டு துண்டுகளின் சேர்க்கைதான். பேராக், கெடா, லங்காவி அடங்கிய மேற்குப் பகுதி, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் இருந்த அதே தென்கண்டத்தின் விளிம்பிலிருந்து பிரிந்து வந்தது. லங்காவியின் சேற்றுப்பாறைகளில், மிதந்து வந்த பனிக்கட்டிகள் உதிர்த்த கூழாங்கற்கள் இன்றும் பதிந்துள்ளன. அந்தப் பகுதி வடக்கே நகர்ந்து கிழக்குப் பகுதியோடு மோதியது. இடையில் இருந்த கடல் மூடிக்கொண்டது. அந்தத் தையல்கோடு ரவூப், பெந்தோங் வழியாகப் போகிறது. இந்த மோதலில் உருகிய பாறை, 20 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்திலேயே குளிர்ந்து தித்திவங்சாவின் கருங்கல் ஆனது. பின்னர் மழையும் ஆறும் அதை அரித்து, கனமான ஈயமணலைக் கிந்தா பள்ளத்தாக்கிலும் தாப்பா, பீடோர் வட்டாரத்திலும் படியவைத்தன.

இந்த நகர்வு பழங்கதை அல்ல. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுமத்ராவை ஒட்டித் தட்டுகள் நழுவியதில் எழுந்த ஆழிப்பேரலை, பினாங்கு, கெடா கரைகளிலும் உயிர்களைப் பறித்தது. அன்று லங்காவித் தீவே ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் இடம் பெயர்ந்ததைத் துணைக்கோள் கருவிகள் பதிவுசெய்தன.

வெகனரும் தம் கருத்துக்கு இப்படி ஓர் அளவீடு கிடைக்க வேண்டும் என்றுதான் ஏங்கினார். கிரீன்லாந்து ஐரோப்பாவிலிருந்து ஆண்டுக்குப் பல மீட்டர் விலகுகிறது என்று அவர் காட்டிய கணக்கு தவறு. அட்லாண்டிக் விரிவது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே. நம் விரல் நகம் வளரும் வேகம். எண்ணில் அவர் தவறினார். நகர்கிறது என்பதில் தவறவில்லை. புவியியல் படிக்கும் மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.