தங்கையைப் பறித்த புற்றுநோய்.. மருத்துவமனையே கட்டிய முத்துலட்சுமி ரெட்டி! இளம் பெண்களுக்கு அவர் வாழ்க்கை சொல்வது என்ன?

போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனா ஒருநாள் கூலி போச்சு. மார்பில் சின்னதா ஒரு கட்டி தட்டுப்பட்டாலும், வலி இல்லையே என்று தள்ளிப்போடத்தான் தோன்றும். இப்படி நோயைத் தாமதமாகக் கண்டறிவதன் விலை என்ன என்பதை, 100 ஆண்டுகளுக்கு முன்பே சொந்தக் குடும்பத்தில் பார்த்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

யார் இவர்?

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி, கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மன்னரே தலையிட்டு இடம் கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டரானார்.

பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினரும் இவர்தான். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார்.

வாழ்க்கையை மாற்றிய 1923

தங்கைக்கு வந்தது மலக்குடல் புற்றுநோய். ஆனா, முதலில் அதைச் சாதாரண சீதபேதி என்றே நினைத்துவிட்டார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-ல் தங்கை இறந்தார். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

அந்த வலிதான் அவரை லண்டனுக்கு அனுப்பியது. 1925-ல் அங்கே புற்றுநோய் சிகிச்சை பற்றிக் கற்றார். 1935-ல், சென்னையில் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பொதுமேடையிலேயே கேட்டார். புற்றுநோய் வந்தா சாவுதான், அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி என்று பலர் நினைத்த காலம் அது.

12 படுக்கையில் தொடக்கம்

இந்திய மாதர் சங்கம் மூலம் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது இருந்தது வெறும் 12 படுக்கைகள். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். 1956-ல் பத்மபூஷண் பெற்ற முத்துலட்சுமி, 1968 ஜூலை 22-ல் 81 வயதில் மறைந்தார். அவர் பிறந்தநாளைத் தமிழக அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது.

இளம் பெண்கள் கவனிக்க வேண்டியது என்ன?

இந்தியாவில் இன்று பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய். மேலை நாடுகளைவிட இங்கே இளம் வயதிலேயே வருவதும் அதிகம்.

* 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை இலவசம்.

* 30-க்குள் இருந்தாலும் வலியில்லாத கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தக்கசிவு, அக்குளில் வீக்கம் தெரிந்தா உடனே டாக்டரிடம் காட்டணும். வலி இல்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று அர்த்தம் கிடையாது.

* இளம் பெண்களுக்கு மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி மறைந்துபோகலாம். அதனால் பெரும்பாலும் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். சந்தேகம் இருந்தா ஊசி மூலம் திசு எடுத்துப் பார்ப்பார்கள்.

* அம்மா, அக்கா, தங்கைக்கு இந்த நோய் வந்திருந்தா, எந்த வயதில் பரிசோதனை தொடங்கலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை. ஆனா அது எந்தக் கட்டி என்பதைத் தொட்டுப் பார்த்து நாமே முடிவு செய்ய முடியாது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தா, சிகிச்சையும் எளிது, குணமாகும் வாய்ப்பும் அதிகம். முத்துலட்சுமியின் தங்கைக்குக் கிடைக்காத அந்த அவகாசம் இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதற்காக ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை!