காட்ரேஜ் பீரோ பின்னணியில் இப்படி ஒரு கதையா? வக்கீல் தொழிலை விட்டுவிட்டு பூட்டு செய்த அர்தேஷிர் யார்?

காஞ்சிபுரத்தில் கல்யாணப் பட்டு எடுத்துட்டு வந்தா, அது முதலில் போகும் இடம் பீரோதான். எந்தக் கம்பெனி பீரோவா இருந்தாலும் அதை 'காட்ரேஜ் பீரோ' என்றே பலரும் சொல்வார்கள். அந்தப் பெயர் ஒரு குடும்பத்தின் பெயர்.

இதே காஞ்சிபுரத்தில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் முகலாயப் படைக்குப் பயந்து வரதராஜப் பெருமாள் கோயில் உற்சவரையே உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய் பாதுகாத்தார்கள். பூட்டை நம்ப முடியாத காலத்தில் மறைத்து வைப்பதுதான் ஒரே வழி. சுமார் 200 ஆண்டுகள் கழித்து, நம்பக்கூடிய பூட்டை நம்ம நாட்டிலேயே செய்ய முடியும் என்று பம்பாயில் ஒருவர் இறங்கினார். அவர்தான் அர்தேஷிர் கோத்ரெஜ்.

வழக்கைக் கைவிட்ட வக்கீல்

1868-ல் பம்பாயில் பார்சி குடும்பத்தில் பிறந்தவர் அர்தேஷிர். சட்டம் படித்துவிட்டு 1894-ல் ஒரு வழக்குக்காக சான்சிபார் போனார். கட்சிக்காரர் தரப்பு உண்மைதான் என்று அவருக்கே நம்பிக்கை வரவில்லை. நம்பாத விஷயத்தை கோர்ட்டில் சொல்ல மறுத்தார். வக்கீல் தொழிலுக்கு அதோடு முழுக்கு!

ஊர் திரும்பியவர், குடும்ப நண்பர் மெர்வான்ஜி காமாவிடம் கடன் வாங்கி அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்தார். தரத்தில் குறை இல்லை. ஆனால் 'இந்தியாவில் செய்தது' என்ற முத்திரை இருந்தால் விற்காது என்றார்கள். முத்திரையை எடுக்க அர்தேஷிர் சம்மதிக்கவில்லை. அந்தத் தொழிலும் போச்சு.

திருப்பம் தந்த செய்தி

பம்பாயில் திருட்டு அதிகமாகிறது என்று பேப்பரில் படித்தார். 1897-ல் லால்பாக்கில் ஒரு சின்ன ஷெட்டில் பூட்டுத் தொழில் தொடங்கியது. லீவர் பூட்டில் சீக்கிரம் கெட்டுப்போவது ஸ்பிரிங். அதனால் ஸ்பிரிங்கே இல்லாத பூட்டை உருவாக்கினார்.

அடுத்தது இரும்புப் பெட்டி. திருடன் முதலில் தேடுவது, தகடுகள் சேரும் இணைப்பைத்தான். நெம்புகோல் நுழைவது அங்கேதான். அதனால் ஒரே தகட்டை வளைத்துப் பெட்டியாக்கி இணைப்புகளைக் குறைத்தார்கள். கதவுக்கு இரண்டு தகடுகள். பூட்டு உள்தகட்டில் இருக்கும். வெளித்தகட்டை சேதப்படுத்தினாலும் பூட்டு உடனே கைக்குச் சிக்காது. 1902-ல் முதல் பெட்டி விற்பனைக்கு வந்தது.

திருடனை மட்டும் தடுத்தால் போதாதே! தீப்பிடித்தால் பத்திரமும் கணக்குப் புத்தகமும் சாம்பல்தான். எனவே தீயைத் தாங்குவதும் பெட்டியின் வேலையானது.

கடைசி வரை அதே பிடிவாதம்

1921-ல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு 3 லட்சம் ரூபாய் கொடுத்தார் அர்தேஷிர். பிறகு தொழிலைத் தம்பி பிரோஜ்ஷாவிடம் விட்டுவிட்டு, நாசிக் பக்கம் விவசாயத்துக்குப் போனார். 1936-ல் காலமானார்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல் நடந்தபோது, லட்சக்கணக்கான ஓட்டுப் பெட்டிகளைச் செய்து கொடுத்தது அவர் தொடங்கிய நிறுவனம்தான். யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது என்பதற்கான பெட்டிகள் அவை. நம்பாததைச் சொல்ல மாட்டேன் என்று சான்சிபாரிலிருந்து கிளம்பி வந்தவரின் பெயரில், ஒரு நாடே நம்பி ஓட்டுப் போட்டது.