கணக்கு எழுதியவரின் காலை வாசிப்பு

பொருளியல் கற்பித்துப் பழகியவனுக்கு ஜார்ஜ் முல்லர் சற்றுச் சங்கடமான மனிதர். எவரிடமும் நன்கொடை கேளாமல், கடனும் வாங்காமல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லங்களை நடத்தியவர் அவர். ஆண்டுதோறும் அவர் அச்சிட்டு வெளியிட்ட வரவு செலவு அறிக்கைகளின் வழியாகவே நான் அவரிடம் வந்து சேர்ந்தேன். பக்தியின் வழியாக அல்ல.

1805-இல் பிரஷ்யாவில் பிறந்தவர். தந்தை அரசுக்கு வரி வசூலித்தவர். அந்தப் பணத்திலேயே கைவைத்த பிள்ளை இவர். பதினாறு வயதில், விடுதியில் தங்கிவிட்டுப் பணம் செலுத்தாததால் சில வாரங்கள் சிறையிலும் இருந்தார். பின்னர் ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் பயில்வதற்கு முன், பள்ளி நாள்களில் அவரிடம் ஏறத்தாழ 300 நூல்கள் இருந்தன. விவிலியம் மட்டும் இல்லை. 1825-இன் இறுதியில் ஒரு வீட்டில் நடந்த எளிய ஜெபக்கூட்டம் அவரை மாற்றியது. ஆயினும் அதன்பின் நான்கு ஆண்டுகள் விவிலியத்தை விட்டு, பிற சமய நூல்களையே அவர் விரும்பிப் படித்தார். அதற்காகப் பிற்காலத்தில் மிகவும் வருந்தினார். ஆடம் ஸ்மித்தைத் திறக்காமல் அவரைப் பற்றிய கையேடுகளை மனப்பாடம் செய்த என் மாணவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். மாணவர்கள் மட்டுமா?

1829-இல் இங்கிலாந்து வந்தார். மறு ஆண்டு டெய்ன்மத் ஊரில் போதகராக இருந்தபோது நிலையான ஊதியத்தைத் துறந்தார். பிரிஸ்டலில் 1836-இல் ஒரு வாடகை வீட்டில் தொடங்கிய இல்லம், 1870-க்குள் ஆஷ்லி டவுனில் 2,050 குழந்தைகளுக்கு இடமுள்ள ஐந்து பெருங்கட்டடங்களாக வளர்ந்தது.

இவற்றைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது 1841-இல் அவர் செய்த ஒரு சிறிய மாற்றம். அதுவரை காலையில் எழுந்ததும் ஜெபத்தில் அமர்வதே அவர் வழக்கம். பல நாள் மனம் அலைந்துகொண்டே இருக்கும்; ஒருமுகப்பட அரைமணி நேரம்கூட ஆகும். அவ்வாண்டு வரிசையை மாற்றினார். முதலில் விவிலியத்தில் ஒரு பகுதியை மெல்ல வாசித்துச் சிந்திப்பது. ஜெபம் அதிலிருந்து தானே எழட்டும் என்று விடுவது. பிரசங்கத்துக்குக் குறிப்பெடுப்பதற்காக அல்ல, தம் உள்ளத்துக்கான உணவாகவே அதை வாசித்தார். உடல்நலத்துக்காகப் பெரிய எழுத்துப் புதிய ஏற்பாட்டைக் கையில் ஏந்தி, வயல்வெளியில் நடந்தபடியே வாசிப்பதும் உண்டு. பழைய ஏற்பாட்டிலும் புதிய ஏற்பாட்டிலும் மாறி மாறி, விட்ட இடத்தில் அடையாளம் வைத்துத் தொடர்ந்து படித்தார். வாழ்நாளில் நூறு முறைக்கு மேல் முழு விவிலியத்தையும் வாசித்து முடித்தார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல், மறுநாள் வகுப்பை மனத்தில் வைத்தே ஒவ்வொரு புத்தகத்தையும் திறந்தவன் நான். ஓரங்களில் நான் இட்ட கோடுகள் எல்லாம் பிறருக்காகவே. ஓய்வுபெற்ற பிறகு காலையில் விவிலியத்தில் ஒரு பகுதியை வாசிக்கிறேன். பென்சிலை அடுத்த அறையில் வைத்துவிட வேண்டியிருக்கிறது.

முல்லரின் அறிக்கைகளே மறைமுகமான வேண்டுகோள்கள்தாம் என்று நண்பர்களிடம் நெடுங்காலம் வாதாடியிருக்கிறேன். கணக்கை வெளியிட்டால் பணம் வராமலா இருக்கும்? ஆனால் அதே 1841-ஆம் ஆண்டின் டிசம்பரில், கையிருப்பு ஏறக்குறைய வற்றிய வேளையில், அவர் ஆண்டறிக்கையையும் பொதுக்கூட்டத்தையும் தள்ளிவைத்தார். அப்போது வெளியிட்டால் அது உதவி கேட்பதாகிவிடும் என்பதே காரணம். அன்றன்றைய ரொட்டிக்கும் பாலுக்கும் அன்றன்று வழி தேடிய காலம் அது. அறங்காவலர் குழுவில் நான் இருந்திருந்தால் இம்முடிவை எதிர்த்தே வாக்களித்திருப்பேன். குழந்தைகளின் உணவை வைத்து ஒருவர் தம் நம்பிக்கையைச் சோதிக்கலாமா என்ற கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை. எனினும், அவரை விளம்பரக்காரர் என்று சொல்ல அதன்பின் நாவெழவில்லை.

எழுபது வயதுக்குப் பின் இந்தியா உட்படப் பல நாடுகளில் பயணம் செய்தார். 1898 மார்ச் 10 காலை, 92 வயதில், தம் அறையில் இறந்தார். முந்தைய மாலைகூட இல்லத்தில் ஜெபக்கூட்டம் நடத்தியிருந்தார். அவர் கைவழியே சென்ற தொகை ஏறத்தாழ 15 லட்சம் பவுண்டு. அவர் விட்டுச்சென்ற சொந்த உடைமையின் மதிப்பு 160 பவுண்டுக்குச் சற்று மேல். அதிலும் பாதிக்கு மேல் புத்தகங்களும் வீட்டுச் சாமான்களும்.