ஆபிரகாம் லிங்கன்: ஒழுங்கும் விடுதலையும்

ஒரு நாட்டில் ஒழுங்கு குலைந்தால் எளியவருக்குப் பாதுகாப்பு இல்லை. ஒழுங்கைக் காப்பதாகக் கூறி ஆள்வோர் விடுதலையைப் பறித்தாலும் எளியவருக்குப் பாதுகாப்பு இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று நாட்டை நடத்த நேர்ந்தவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 16ஆவது சனாதிபதி ஆபிரகாம் லிங்கன்.

லிங்கன் 1809ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள், கென்டக்கி மாநிலத்தில் மரக்குற்றிகளால் அமைந்த சிறு குடிசையிற் பிறந்தார். ஒன்பது வயதில் தாயை இழந்தார். அவர் பள்ளி சென்ற நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு நிறையாது. இரவல் நூல்களைப் படித்தே அறிவை வளர்த்தார். சட்டத்தையும் தாமாகவே கற்று வழக்கறிஞரானார். 1838இல், தமது 28ஆம் வயதில், இசுப்பிரிங்பீல்டு நகர இளைஞர் மன்றமொன்றில் உரையாற்றினார். கும்பல்கள் சட்டத்தைக் கையில் எடுப்பதே மக்களாட்சியை அழிக்கும் நோய் என்று அன்றே எச்சரித்தார்.

அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவுவதை எதிர்த்த லிங்கன், 1860 நவம்பரில் சனாதிபதியாகத் தெரிவானார். அவர் பதவியேற்கு முன்னரே ஏழு தென்மாநிலங்கள் பிரிந்து சென்றன. 1861 ஏப்பிரல் 12ஆம் நாள் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரு வாரத்தில், தலைநகரைக் காக்க விரைந்த படையினரைப் பால்ற்றிமோர் நகரில் ஒரு கூட்டம் தாக்கியது. புகையிரதப் பாலங்கள் எரிக்கப்பட்டன.

மாணவச் செல்வங்களே, கைதான ஒருவரை நீதிபதியின் முன் நிறுத்திக் காரணம் கூறுமாறு பணிக்கும் ஆணையே ஆட்கொணர்வு ஆணையாகும். காரணமின்றி எவரும் சிறையில் வாடாதபடி காக்கும் வேலி அது. அந்த வேலியைத் தலைநகர் செல்லும் பாதையையொட்டி அகற்ற, ஏப்பிரல் 27ஆம் நாள் லிங்கன் படைக்கு அதிகாரம் அளித்தார். அந்த அதிகாரம் சட்டமன்றமாகிய காங்கிரசுக்கே உரியது எனத் தலைமை நீதியரசர் ரோசர் தானி தீர்ப்பளித்தார். லிங்கன் அதற்கு இணங்கவில்லை. ஒரு சட்டத்தைக் காப்பதற்காக ஏனைய சட்டங்கள் யாவும் அழிய விடலாமா என்பது அவர் வாதம். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். அவர்களுட் பத்திரிகையாசிரியர்களும் இருந்தனர். 1863 மார்ச்சிலேயே காங்கிரசு அவருக்கு அந்த அதிகாரத்தைச் சட்டமாக வழங்கியது.

அதே லிங்கனே, 1863 சனவரி 1ஆம் நாள், கிளர்ச்சி செய்த பகுதிகளிலிருந்த அடிமைகள் விடுதலை பெற்றவர்கள் என்று அறிவித்தார்.

1864இல் தேர்தல் வந்தது. போரோ முடியவில்லை. தாம் தோற்பது உறுதி என்றே லிங்கன் எண்ணினார். எனினும் தேர்தலை நிறுத்த அவர் முயலவில்லை. ஆகஸ்ட் 23ஆம் நாள், புதிதாகத் தெரிவாகுபவரோடு ஒத்துழைத்து நாட்டைக் காப்பது தமது கடமை என ஒரு தாளில் எழுதி மடித்தார். உள்ளே இருப்பதைக் காட்டாமலே அமைச்சர்களிடம் அதன் புறத்தே கையொப்பம் பெற்றார். செப்டெம்பரில் அத்திலாந்தா நகர் வீழ்ந்ததும் நிலைமை மாறியது. நவம்பர் 8ஆம் நாள் அவரே வென்றார்.

1865 ஏப்பிரல் 14ஆம் நாள் சுடப்பட்ட லிங்கன் மறுநாள் காலமானார். அவ்வாண்டு டிசெம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அடிமை முறையை நாடெங்கும் ஒழித்தது. மறு ஆண்டில், குடியியல் நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் பொதுமக்களைப் படை விசாரிக்கலாகாது என உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அத்தீர்ப்பை எழுதியவர், லிங்கனின் நெடுநாள் நண்பரும் அவரால் நியமிக்கப்பட்டவருமான தேவிட் தேவிசு. நட்பு நீதிக்குத் தடையாகவில்லை.

லிங்கன் செய்தவை அனைத்தும் சரியென வரலாறு கூறவில்லை. இடர்க்காலத்தில் ஆட்சி தன் கையை ஓங்கவே செய்யும். அக்கையைத் தாழ்த்தும் உரிமை மக்களின் வாக்கிலும் அஞ்சாத நீதிமன்றத்திலும் எஞ்சியிருக்க வேண்டும். அவ்விரண்டும் உள்ள நாட்டிலேயே ஒழுங்கும் விடுதலையும் ஒருங்கே வாழும். நாளைய குடிமக்களாகிய நீங்கள் இதனை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்.