பரண் மேல் காத்திருந்தவர்

இமயமலைச் சாரலில், இன்றைய உத்தரகாண்ட் மாநிலத்தில், நைனிதால் என்னும் ஏரி நகரம் அமைந்துள்ளது. 1875ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25ஆம் நாள் அந்நகரில் ஜிம் கார்பெட் பிறந்தார். அவருடைய தந்தையார் அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவர். பிள்ளைகள் பலர் நிறைந்த குடும்பம் அது. ஜிம் சிறுவனாக இருந்தபோதே தந்தையார் காலமானார். குடும்பப் பொறுப்பு முழுவதும் தாயாரின் தோளில் விழுந்தது.

கோடையில் நைனிதாலிலும் குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதூங்கியிலும் அக்குடும்பம் வாழ்ந்தது. காலாதூங்கியைச் சுற்றிலும் காடு. சிறுவன் ஜிம்முக்குக் காடே இரண்டாம் பள்ளிக்கூடம் ஆயிற்று. அவன் கைக்கு முதலில் வந்த துப்பாக்கி ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. அதன் ஒரு குழல் வெடித்துப் பயனற்றுப் போயிருந்தது. உடைந்த பகுதிகளைப் பித்தளைக் கம்பியால் இறுகச் சுற்றி ஒன்றாகப் பிணைத்திருந்தனர். மீண்டும் மருந்து கெட்டித்துச் சுடுவதற்குள் விலங்கு ஓடிவிடும். ஆகவே குறி தவறாது என்று உறுதியாகும் வரை பொறுத்திருக்கச் சிறுவன் பழகினான். எந்தக் குரல் மானின் அச்சக்குரல், எந்த ஓசை உலர்ந்த சருகின்மேல் ஒரு விலங்கு கால் வைக்கும் ஓசை என்பதையெல்லாம் அசையாமல் இருந்து கேட்டே கற்றுக்கொண்டான்.

இருபது வயதை எட்டும் முன்னரே இரயில்வே வேலை அவரை வெளியூருக்கு அழைத்துச் சென்றது. பீகாரில் கங்கைக் கரையில் உள்ள மொகாமே காட் என்னும் இடத்தில், அகலப் பாதை வண்டிகளிலிருந்து சரக்கை இறக்கி மீட்டர் பாதை வண்டிகளில் ஏற்றும் பணியை அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். தொழிலாளர்களோடு தாமும் சுமை தூக்கினார். பெற்ற ஊரை விட்டுப் பிழைப்புக்காகத் தொலைவில் வாழ்ந்த அவர், விடுமுறை கிடைத்தபோதெல்லாம் குமாயூன் மலைகளுக்கே திரும்பினார். அவ்விடுமுறைகளிலேதான் அவரைப் புகழ்பெறச் செய்த வேட்டைகள் நிகழ்ந்தன.

அக்காலத்தில் குமாயூன் மலைச் சிற்றூர்களை ஆட்கொல்லிகள் அச்சுறுத்தி வந்தன. சம்பாவத் பகுதியில் திரிந்த ஒரு பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு இருந்தது. 1907ஆம் ஆண்டு அதனைச் சுட அழைப்பு வந்தபோது கார்பெட் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். புலியின் தலைக்கு அறிவித்திருந்த பரிசுத் தொகையை விலக்கிக்கொள்ள வேண்டும்; காட்டிலிருக்கும் பிற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். பணத்துக்காகச் சுடுபவர் என்று பெயர் எடுக்க அவர் விரும்பவில்லை. வேறொருவரின் குண்டுக்குத் தவறுதலாக இரையாகவும் அவர் விரும்பவில்லை. இதுவும் நியாயமான அச்சமே! அப்புலி வீழ்ந்தபின் அதன் வாயைப் பார்த்தார். முன்பு எவரோ சுட்ட குண்டினால் அதன் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. வழக்கமான இரையைப் பிடிக்க இயலாமற் போனதாலேயே அது மனிதரை நாடியது என்று அவர் கருதினார்.

ஆட்கொல்லியைத் தேடிச் செல்வதைவிட அது வரும் வழியில் காத்திருப்பதே பெரும்பாலும் அவருடைய வேலையாக இருந்தது. அதற்காக மரத்தின் கவையில் கழிகளைக் கட்டி அமைக்கும் இருக்கைக்கு வடநாட்டில் மச்சான் என்று பெயர். இச்சொல்லைக் கேட்டதும் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரலாம். நம் மொழியில் அதற்குப் பரண் என்பது பெயர். தினைப்புனம் காத்தவர்கள் பரணில் இருந்து பறவைகளை ஓட்டியதைச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. இதணம் என்னும் பழைய சொல்லும் அதனையே குறிக்கும். ஆனால் புனம் காப்பவர் பரணில் நின்று கூவலாம், கவண் வீசலாம், பாடவும் செய்யலாம். ஆட்கொல்லிக்காகக் காத்திருப்பவர் இருமக்கூட இயலாது.

மரத்தில் நெடுநேரம் அமர்வது எளிதன்று. இருக்கையின் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தினால் சிறிது நேரத்தில் கால் மரத்துப்போகும். முதுகுக்குச் சாய்மானம் இல்லையேல் இடுப்பு நோகும். நோவு வந்தால் உடல் தானாகவே அசையும். அசைந்தால் கிளை முனகும். கிளை முனகினால் விலங்கு திரும்பிப் போய்விடும், அல்லது மரத்தின் மேலேயே ஏறிவிடும். சிறுத்தைக்கு மரம் ஏறுதல் நமக்குப் படி ஏறுவதைப் போன்றது. ஆகவே வேட்டைக்காரர் பகல் வெளிச்சம் இருக்கும்போதே ஏறி, தம் உடலுக்கேற்ற இடத்தைத் தேர்ந்து, முதுகை அடிமரத்தில் சாய்த்து, துப்பாக்கியை மடியில் கைக்கு எட்டும்படி வைத்துக்கொள்வர். உறக்கத்தில் விழாதிருக்க இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வாரும் உண்டு. காற்று வீசி இலைகள் சலசலக்கும் நொடிக்காகக் காத்திருந்து, அந்த ஓசையின் மறைவில் காலை மெல்ல மாற்றி வைப்பர். வசதியாக அமர்தல் அங்கே உயிர் காக்கும் கலையாகும்.

ஆயினும் வசதியான மரம் எப்போதும் வாய்ப்பதில்லை. 1910ஆம் ஆண்டு, நானூறு பேரைக் கொன்றதாகக் கூறப்பட்ட பனார் சிறுத்தைக்காகக் கார்பெட் அமர்ந்த ஓக் மரம் அத்தகையது. அதில் உட்காரத்தக்க கிளை ஒன்றே ஒன்று. அதுவும் உள்ளே உளுத்துப் பொந்து விழுந்திருந்தது. சுற்றிலும் வேறு மரம் இல்லாமையால் அதிலேயே அமர்ந்தார். பின்புறமாகச் சிறுத்தை ஏறிவிடாதபடி நீண்ட முட்கழிகளை அடிமரத்தோடு சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டச் செய்தார். எதிரே வயலில் ஓர் ஆட்டைக் கட்டினர். இருள் சூழ்ந்தது. சிறிது நேரத்தில் தம் முதுகுப்புறத்து முட்கழிகள் மெல்ல இழுபடுவதை அவர் உணர்ந்தார். இழுப்பது யார் என்பதில் அவருக்கு ஐயமில்லை. திரும்பிப் பார்க்கவோ சுடவோ வழியில்லை. கழிகளை இழுத்தெறிந்துவிட்டு ஏறுவதற்குச் சிறுத்தை முயன்றுகொண்டே இருந்தது. அவர் உளுத்த கிளையில் அசையாமல் அமர்ந்திருந்தார். முட்கள் தாக்குப்பிடித்தன. சலிப்புற்ற சிறுத்தை கடைசியில் ஆட்டின்மேல் பாய்ந்தபோது அவர் சுட்டார்.

அது காயத்துடன் தப்பியது. ஊரார் பைன் மரச் சுள்ளிகளைக் கொளுத்திப் பந்தங்களாகப் பிடித்து உடன் வந்தனர். ஓடமாட்டோம் என்று அவர்கள் வாக்களித்திருந்தனர். ஆனால் சிறுத்தை சீறிப் பாய்ந்ததும் வாக்கு மறந்து ஓடினர். ஓட்டத்தில் கீழே விழுந்த பந்தங்களின் வெளிச்சத்திலேயே கார்பெட் அதனை வீழ்த்தினார். அம்மனிதர்களை அவர் குறை கூறவில்லை. ஆண்டுக்கணக்கில் அச்சத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள் அல்லரோ?

அவருடைய பொறுமையை முழுமையாகச் சோதித்தது ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை. அலகநந்தாவும் மந்தாகினியும் கூடும் இடம் ருத்ரப்பிரயாகை. கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் செல்லும் யாத்திரிகர் அவ்வழியே நடந்து போவர். 1918ஆம் ஆண்டு பரவிய கொள்ளைநோயில் ஏராளமானோர் இறந்தனர். உடல்களை முறையாக எரிக்க ஆளின்றிப் பள்ளங்களில் தள்ளினர். அவற்றைத் தின்று பழகிய சிறுத்தையே பின்னர் ஆட்கொல்லி ஆனது என்பது கார்பெட்டின் கருத்து. அவ்வாண்டு முதல் 1926 வரை அது 125 பேரைக் கொன்றதாக அரசுப் பதிவேடு கூறியது. கதிரவன் மறைந்தால் ஊர்கள் ஓசை அடங்கும். எவரும் கதவைத் திறக்கமாட்டார். நஞ்சு வைத்தனர், இரும்புப் பொறி வைத்தனர், ஒன்றும் பலிக்கவில்லை.

1925ஆம் ஆண்டு கார்பெட் அங்கே சென்றார். ஆற்றின் வேகத்தால் சிறுத்தை நீந்திக் கடக்க இயலாது. தொங்குபாலத்தின் வழியேதான் அக்கரை செல்லும் என்று எண்ணினார். ஆகவே ருத்ரப்பிரயாகைத் தொங்குபாலத்தின் கோபுர உச்சியில் இரவுதோறும் படுத்துக் காவல் இருந்தார். அங்கே பிடித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. பள்ளத்தாக்கின் கடுங்காற்று அவரைத் தள்ளிவிடப் பார்த்தது. போதாக்குறைக்கு எறும்புகள் ஆடைக்குள் புகுந்து தோலைக் கடித்துப் புண்ணாக்கின. இவ்வாறு இருபது இரவுகள் கழிந்தன. அந்த இருபது இரவுகளிலும் பாலத்தைக் கடந்தது ஒரே ஒரு நரி!

மாதக்கணக்கில் உறக்கமின்மையால் அவர் உடலும் மனமும் தளர்ந்தன. களைத்த மனிதன் தவறு செய்வான் என்பதும், அங்கே தவறு என்பது உயிரிழப்பு என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே சிறுத்தையைக் கொல்லாமலே ஊர் திரும்பினார். தோல்வியை ஒப்புக்கொண்டு ஓய்வெடுக்கச் செல்வதற்கும் துணிவு வேண்டும். ஓய்வுக்குப்பின் அடுத்த வசந்தத்தில் அவர் மீண்டும் வந்தார்.

இம்முறை குலாப்ராய் என்னும் இடத்தைத் தேர்ந்தார். அங்கே யாத்திரிகர் தங்கும் சாவடி ஒன்று இருந்தது. சாவடியை நடத்திய பண்டிதர் முன்னர் ஒருமுறை அச்சிறுத்தையிடம் அகப்பட்டு, கழுத்தில் ஆறாத புண்களுடன் உயிர் தப்பியவர். சாலையோரத்தில் நின்ற மாமரத்தில் சிறு பரண் அமைந்தது. கீழே ஓர் ஆட்டைக் கட்டி, அதன் கழுத்தில் மணி ஒன்றையும் கட்டினர். இருளில் கண்ணுக்குத் தெரியாததை மணி காதுக்குச் சொல்லும் அல்லவா? துப்பாக்கியில் டார்ச் விளக்கைப் பொருத்திக்கொண்டு கார்பெட் பரணில் அமர்ந்தார்.

முதல் இரவு சிறுத்தை வரவில்லை. இரண்டாம் இரவும் வரவில்லை. பத்து இரவுகள் இருப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். பத்தும் கழிந்தன. கவனிக்க வேண்டிய வேறு வேலைகள் அவருக்கு இருந்தன. இருப்பினும் இன்னும் ஓர் இரவு இருந்து பார்ப்போம் என்று பதினோராம் முறையாக மரம் ஏறினார்.

அன்றிரவு சாவடியில் யாத்திரிகர் பலர் உறங்கிக்கொண்டிருந்தனர். திடீரென அருகில் தங்கியிருந்த பொதிக்காரர்களின் நாய்கள் குரைத்தன. பின்னர் அமைதி. மரத்தடியில் ஏதோ விரைந்து ஓடிய ஓசை. ஆட்டின் மணி வெடுக்கென்று ஒலித்தது. விளக்கின் பொத்தானை அழுத்தினார். துப்பாக்கியின் குறி சிறுத்தையின் தோள்மீதே நேராக நின்றது. சுட்டார். அந்நொடியே விளக்கு மங்கி அணைந்தது.

குண்டு பட்டதா, இல்லையா? இறங்கிப் பார்க்க இயலாது. சாவடிக் கதவைத் திறந்து பண்டிதர் குரல் கொடுத்தார். கார்பெட் விடை கூறவில்லை. சிறுத்தை அருகிலேயே கிடந்தாலோ என்று செவியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பத்து இரவுகள் பழகிய அதே பரண்தான். எனினும் அவ்விரவின் மீதி நேரம் அவருக்கு மிக நீண்டதாகவே இருந்திருக்கும். பொழுது புலர்ந்தபின் இறங்கினார். ஆடு காயமின்றி நின்று அவரை வரவேற்றது. குருதிக் கோட்டைப் பின்பற்றிச் சிறிது தொலைவு நடந்தார். ஒரு குழியில், விளிம்பில் மோவாயை வைத்தபடி, சிறுத்தை இறந்து கிடந்தது. எட்டு ஆண்டுகள் ஒரு நாட்டையே வீட்டுக்குள் அடைத்துவைத்த அவ்விலங்கு, பல் மஞ்சளித்த கிழச் சிறுத்தை. அந்த ஆட்டுக்குப் பின்னர் ஊரில் பெருமதிப்பு ஏற்பட்டது. அதன் கழுத்தில் பித்தளைப் பட்டை அணிவித்தனர்.

பிற்காலத்தில் கார்பெட் துப்பாக்கியைக் குறைத்துக்கொண்டு திரைப்படக் கருவியைக் கையில் எடுத்தார். கருவி ஓடும் ஓசை புலிகளை விரட்டியது. ஆகவே நீரோடையில் சிறு அணைகள் கட்டி, நீர் விழும் ஒலியில் கருவியின் ஒலியை மறைத்தார். இவ்வாறு ஏழு புலிகளை ஒருசேரப் படம்பிடித்தார். காத்திருக்கும் வேலையில் மாற்றமில்லை. கையில் இருந்த பொருள்தான் மாறியது. 1936ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாயூன் அடிவாரத்தில் அமைவதற்கும் அவர் துணைநின்றார். அவர் மறைந்தபின் அது அவருடைய பெயரையே பெற்றது.

1947ஆம் ஆண்டு இறுதியில் கார்பெட் தம் தமக்கை மேகியுடன் ஆப்பிரிக்காவின் கென்யாவில் குடியேறினார். அங்கே ஒரு பெரிய அத்திமரத்தின்மேல், வனவிலங்குகளைக் கண்டு களிக்க மரவீடு ஒன்று இருந்தது. 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் இங்கிலாந்து இளவரசி எலிசபெத் தம் கணவருடன் அதில் தங்க வந்தார். கார்பெட்டும் அழைக்கப்பட்டிருந்தார். யானைகளையும் காண்டாமிருகங்களையும் பார்த்து மகிழ்ந்தபின் விருந்தினர் உறங்கச் சென்றனர். மரத்தில் சிறுத்தை ஏறலாம் என்பதை அறிந்த 76 வயது முதியவர் உறங்கவில்லை. ஏணியின் உச்சியில் அமர்ந்து விடியும்வரை காவல் இருந்தார். அவ்விரவிலேதான் இங்கிலாந்தில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமானார். இளவரசியாக மரம் ஏறியவர் அரசியாக இறங்கினார். செய்தி அவருக்கு எட்டியது பின்னரே.

அந்த இரவைப் பற்றிக் கார்பெட் ஒரு சிறு நூல் எழுதினார். அதனை எழுதி முடித்த சில நாள்களில், 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், கென்யாவின் நையேரி நகரில் அவர் காலமானார்.